தாத்தாவின் வாட்ச் தங்கமா?

போன மாதம் காலை நிகழ்ச்சியில், இரண்டு பாடல்களுக்கு நடுவே, பழைய கைக்கடிகாரங்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். நிகழ்ச்சி முடிவதற்குள் நிலையத்தின் புலனத்தில் படங்கள் வந்து குவிந்துவிட்டன. அப்பாவின் வாட்ச், தாத்தாவின் வாட்ச், கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச். படத்தோடு வந்த கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: "தம்பி, இது தங்கமா?"

அந்தப் படங்களில் ஒன்றை வைத்துக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எல்லாரும் வாட்சின் முகத்தைத்தான் படம் எடுத்திருந்தார்கள். முகத்தில் இருப்பது கம்பெனிப் பெயரும் மணியும்தான். தங்கமா இல்லையா, எந்த நாட்டில் செய்தது, எந்த ஆண்டு செய்தது என்ற விவரமெல்லாம் முதுகுப் பக்கத்தில், பெரும்பாலும் பின்மூடியின் உள்பக்கத்தில், அரிசியைவிடச் சின்ன முத்திரைகளாக இருக்கும்.

அந்த முத்திரைகளைப் படிக்கத் தெரியாததால் நம் குடும்பங்களுக்கு இரண்டு விதமான நஷ்டம். நல்ல பொருளை உருக்குகிற விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். அல்லது முலாம் பூசிய பொருளைத் தங்க விலைக்கு வாங்கிவிடுகிறோம். மூன்றாவதாக ஒரு நஷ்டமும் உண்டு. அதில் பணம் சம்பந்தப்படவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

916 என்கிற பழக்கம்

நம் வீடுகளில் தங்கம் என்றால் 916. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நகைக்கடைக்குள் நுழைகிற அம்மா முதலில் தேடுவது அந்த மூன்று இலக்கத்தைத்தான். 24 பங்கில் 22 பங்கு தங்கம் என்பதைத்தான் ஆயிரத்துக்கு 916 என்று எழுதுகிறார்கள். பாட்டி காலத்துப் பவுன் காசும் அதே 22 காரட்டுதான். பிரிட்டிஷ் சவரன் ஒன்றின் எடை 7.98 கிராம். நம் ஊரில் "எத்தனை பவுன் போட்டார்கள்?" என்று கேட்கிற வழக்கம் அங்கிருந்து வந்தது.

வாட்ச் செய்பவர்களின் கணக்கு வேறு. 22 காரட் தங்கம் மிருதுவானது. சங்கிலிக்கும் வளையலுக்கும் அது சரி. தினமும் மேசையில் இடிபட்டு, வியர்வையில் ஊறி, உள்ளே இருக்கும் எந்திரத்தைத் தூசியிலிருந்து காக்க வேண்டிய கூட்டுக்கு அது தாங்காது. அதனால் வாட்ச் கூட்டை, 'கேஸ்' என்பதை, செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்த்துக் கெட்டியாக்கிய தங்கத்தில் செய்தார்கள். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் 18 காரட், அதாவது 750. அல்லது 14 காரட், அதாவது 585. இங்கிலாந்தில் 18 காரட்டோடு 9 காரட்டும் ஏராளம். அது 375. ஆயிரம் பங்கில் 375 பங்குதான் தங்கம்.

1854-லேயே இங்கிலாந்துச் சட்டம் 9 காரட்டைத் தங்கமென்று ஏற்றுக்கொண்டது. அதே வெள்ளைக்காரன் காசை 22 காரட்டில் அடித்தான், கைக்கடிகாரத்தை 9 காரட்டில் செய்தான். இரண்டுமே அவன் நாட்டில் சட்டப்படி தங்கம்.

ஆகவே பழைய சுவிஸ் வாட்ச் என்று சொல்லி ஒருவர் நீட்டுகிற பொருளின் முதுகில் '916' என்று இருந்தால் நாம் மகிழ வேண்டியதில்லை. நம் ஊர் வாடிக்கையாளரின் மனசு தெரிந்த யாரோ பிற்பாடு அடித்த முத்திரையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

தங்கம் இல்லை என்று சொல்லும் சொற்கள்

முதலில் கழித்துவிட வேண்டியவற்றைக் கழிப்போம். நேயர்கள் பிறகு அனுப்பிய முதுகுப் பக்கப் படங்களில் பாதிக்கு மேல் இந்த வகையில்தான் வந்தன.

'20 மைக்ரான்', '40 மைக்ரான்', '80 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாம். 20 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. 80 மைக்ரான் கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். முலாம் என்பதற்கு பிரெஞ்சில் 'பிளாக்கே' என்பார்கள். அந்தச் சொல்லும் மைக்ரான் எண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் பின்மூடி எஃகு. கெட்டித் தங்கத்தில் கேஸ் செய்கிறவர் மூடியை மட்டும் எஃகில் செய்வது அபூர்வம். பழைய சீக்கோ வாட்சுகளில் 'எஸ்ஜிபி' என்ற மூன்றெழுத்து இருந்தால் அதுவும் முலாம்தான். அப்பாக்கள் கட்டிய பொன்னிற சீக்கோவில் பெரும்பகுதி இந்த ரகம். உழைப்பில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் தங்கம் இல்லை.

நிறையப் பேர் ஏமாறுவது 'கோல்ட் ஃபில்டு' என்ற சொல்லில். தங்கம் நிரப்பியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது நம் ஊர் கவரிங்கின் உறவுக்காரன். நடுவில் பித்தளை போன்ற மட்டமான உலோகம், வெளியே தங்கத் தகடு. பழைய அமெரிக்கக் கேஸ்களில் '14 காரட்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் '20 ஆண்டு' அல்லது '25 ஆண்டு உத்தரவாதம்' என்று எழுதியிருப்பார்கள். தகடு தேய்ந்து உள் உலோகம் தெரிய அத்தனை ஆண்டு ஆகும் என்பதுதான் அந்த வாக்குறுதி. கெட்டித் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கு போடுவதில்லை. ஆண்டு எழுதியிருந்தாலே அது தகடு என்று முடிவு செய்துகொள்ளலாம். இங்கிலாந்தின் டெனிசன் கம்பெனியும் இந்த வகைக் கேஸ்களை 'மூன்', 'ஸ்டார்' என்ற பெயர்களில் செய்தது. மூன் வகைக்குப் பத்தாண்டு உத்தரவாதத்தை மூடியின் உள்ளேயே பொறித்திருப்பார்கள்.

இங்கே நகைக்கடை எந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பல கடைகளில் எக்ஸ்ரே முறையில் தங்கம் சோதிக்கும் பெட்டி இருக்கிறது. பொருளை உள்ளே வைத்தால் சில விநாடிகளில் இத்தனை விழுக்காடு தங்கம் என்று திரையில் காட்டும். வளையலுக்கு அது நல்ல கருவி. ஆனால் அந்தக் கதிர் தங்கத்தின் மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கிறது. 20 மைக்ரான் முலாம் பூசிய வாட்சை வைத்தால், எந்திரம் முலாமைப் படித்துவிட்டு "தங்கம்" என்று சொல்லக்கூடும். பொய் சொல்லவில்லை, தான் பார்த்ததைச் சொல்கிறது. அதனால் தேய்மானம் அதிகமுள்ள இடங்களைக் கண்ணால் பார்ப்பது அவசியம். வார் மாட்டும் காதுகளின் முனை, சாவியைச் சுற்றியுள்ள பகுதி, மூடியின் ஓரம். அங்கே வெண்மையாகவோ செம்மஞ்சளாகவோ வேறு நிறம் எட்டிப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

பெண் தலை, அணில், நாய்

இனி உண்மையான தங்கத்துக்கு வருவோம்.

சுவிட்சர்லாந்து 1880-இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் இயற்றி, தங்க, வெள்ளி வாட்ச் கேஸ்களுக்கு அரசாங்க முத்திரையைக் கொண்டுவந்தது. 1882 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 18 காரட் கேஸுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண்ணின் தலை. அவள் அந்நாட்டின் உருவகம், நம் பாரத மாதா மாதிரி. 14 காரட்டுக்கு அணில். வெள்ளிக்குக் கரடியும் காட்டுக்கோழியும். எழுத்தறிவு இல்லாதவரும் அடையாளம் காணக்கூடிய உருவங்கள். முத்திரைக்குள் நுணுக்கமாக ஓர் எழுத்தோ குறியோ இருக்கும்; எந்த ஊர்ச் சோதனைச் சாலையில் அடித்தது என்பதை அது சொல்லும். ஜெனீவாவுக்கு 'ஜி' என்பது போல.

1995 ஆகஸ்டில் இந்த வரிசை முடிந்தது. அன்றிலிருந்து தங்கம், வெள்ளி, பிளாட்டினம் எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை: செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை.

இந்த ஒரு தேதி தெரிந்திருந்ததால் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் ஓர் இளைஞருக்கு ஒன்பதாயிரம் ரிங்கிட் மிச்சமானது. இணையத்தில் ஒருவர், 1960களின் சுவிஸ் வாட்ச், 18 காரட், அசல் நிலை என்று விளம்பரம் போட்டிருந்தார். நம் தம்பி முதல் போனஸ் வாங்கியவர். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசளிக்க நினைத்தார். விற்பவர் மூடியின் உள்பக்கப் படத்தையும் தாராளமாக அனுப்பியிருந்தார். 750 என்ற எண் பளிச்சென்று இருந்தது. பக்கத்திலேயே நாய்த் தலையும் இருந்தது. 1960களில் செய்த வாட்சில் 1995-இல் பிறந்த நாய் எப்படி வந்தது? குறைந்தபட்சம் அந்த மூடி பிற்காலத்தது. அசல் நிலை என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது. தம்பி அந்தக் கேள்வியை விற்பவரிடம் கேட்டார். பதில் வரவில்லை, மறுநாள் விளம்பரமும் இல்லை.

மற்ற நாடுகளிலும் உருவங்கள் உண்டு. பிரான்சில் 18 காரட்டுக்குக் கழுகின் தலை, 1838 முதல். வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு அங்கே ஆந்தை. ஜெர்மனியில் சூரிய வட்டத்துக்குள் கிரீடம். பழைய வாட்சில் ஒரு மிருகத்தையோ பறவையையோ கண்டால் அழகுக்குப் போட்டது என்று நினைக்காதீர்கள். ஓர் அரசாங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் நாலு முத்திரை

மலாயாவுக்கு வந்த பழைய தங்க வாட்சுகளில் கணிசமானவை இங்கிலாந்து வழியாக வந்தவை. அவற்றின் மூடிக்குள் ஒரு முத்திரை இருக்காது. வரிசையாக மூன்று நான்கு இருக்கும். இதைத்தான் ஹால்மார்க் என்கிறோம். லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபத்துக்கு, அதாவது 'ஹாலு'க்கு, எடுத்துப் போய் அடித்த முத்திரை என்பதால் அந்தப் பெயர்.

முதலாவது, பொருளைச் சோதனைக்குக் கொடுத்தவரின் முதலெழுத்துகள். இரண்டாவது, தரம்: 18 என்றால் கூடவே கிரீடம், 9 என்றால் கூடவே.375. மூன்றாவது, ஊர்: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை. நான்காவது, ஆண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து. எழுத்தின் வடிவமும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவமும் சுற்றுக்குச் சுற்று மாறும். எந்த எழுத்து எந்த ஆண்டு என்று பார்க்கப் பட்டியல் இருக்கிறது. 'பிராட்பரி' என்ற சட்டைப்பை அளவுப் புத்தகம் இதற்கென்றே அச்சாகிறது.

இந்த நான்கில் முதலாவதைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். அந்த முதலெழுத்துகள் வாட்சைச் செய்தவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1907 ஜூன் முதல், இங்கிலாந்துக்குள் வரும் வெளிநாட்டுத் தங்க, வெள்ளிக் கேஸ்களும் அங்கே சோதிக்கப்பட்டு முத்திரை வாங்க வேண்டும் என்றானது. சுவிட்சர்லாந்தில் செய்த கேஸை லண்டனில் ஒருவர் சோதனைச் சாலையில் கொடுப்பார். அவருடைய எழுத்து அதில் ஏறும். 'ஜி.எஸ்.' என்று அக்காலத்து எத்தனையோ கேஸ்களில் இருக்கும். அது ஜார்ஜ் ஸ்டாக்வெல் என்ற இறக்குமதி முகவரின் எழுத்து. அவர் ஒரு வாட்சும் செய்ததில்லை. 'டபிள்யூ & டி' என்றால் வில்ஸ்டார்ஃபும் டேவிஸும். 1905-இல் லண்டனில் கடை தொடங்கி, 1908-இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தவர்கள்.

இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த கேஸ்களுக்கு ஊர்ச் சின்னமும் வேறு. பர்மிங்ஹாமில் நங்கூரத்துக்குப் பதில் முக்கோணம் அடித்தார்கள். நங்கூரம் இருந்தால் கேஸ் இங்கிலாந்தில் செய்தது. முக்கோணம் இருந்தால் இறக்குமதியானது. ஒரு சின்ன வடிவம் அந்தப் பொருளின் பயணத்தையே சொல்லிவிடுகிறது.

பண்டமாரான் வீட்டு வாட்ச்

முதலில் சொன்ன மூன்றாவது நஷ்டத்துக்கு வருகிறேன். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பண்டமாரானில் இருக்கும் ஓர் அக்கா எனக்குக் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தா கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். 25 ஆண்டு சேவைக்காக 1957-இல் துரை அவருக்கு ஒரு தங்க வாட்ச் கொடுத்தார். பின்மூடியில் தாத்தாவின் பெயரும் ஆண்டும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். தோட்டத்தில் அந்த வாட்சைப் பார்க்க ஆட்கள் வருவார்களாம். 'துரை கொடுத்த தங்கம்' என்பது வீட்டில் ஒரு பெருமைப் பேச்சு.

இருபது வருடத்துக்கு முன்னால் பாட்டியின் வைத்தியத்துக்குப் பணம் தேவைப்பட்டது. பெரியப்பா அந்த வாட்சை ஒரு கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது 916 இல்லை, 375" என்று சொல்லி மிகக் குறைந்த விலை கேட்டார். பெரியப்பா விற்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அக்காவின் அப்பா நம்பவில்லை. துரை கொடுத்தது எப்படித் தங்கமாக இல்லாமல் போகும்? அண்ணன் அசலை விற்றுவிட்டு, கவரிங் வாட்ச் ஒன்றில் அப்பா பெயரை வெட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்பது அவர் முடிவு. வாய்விட்டும் கேட்டுவிட்டார். அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பிள்ளைகளின் கல்யாணங்களுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகவில்லை.

அக்காவின் அப்பா போன வருடம் தவறிவிட்டார். சாமான்களை ஒழுங்கு செய்தபோது வாட்ச் அக்கா கைக்கு வந்தது. "தம்பி, உண்மை என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். விற்பதற்காக இல்லை" என்றார்.

கிள்ளானில் நாற்பது ஆண்டாகக் கடிகாரம் பழுது பார்க்கும் ஓர் அண்ணன் எனக்குப் பழக்கம். ஒரு சனிக்கிழமை மதியம் அக்காவோடு அங்கே போனோம். அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூடியைப் பதமாகத் திறந்து, உள்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். எனக்கும் லென்ஸைக் கொடுத்தார்.

டெனிசன் என்ற பெயர் தெளிவாக இருந்தது. அதன் கீழே 9, .375, நங்கூரம், ஓர் எழுத்து. பட்டியலில் பார்த்தால் அந்த எழுத்து 1956-57ஐக் காட்டியது. மூடியில் இருந்த கேஸ் எண்ணும் கூட்டின் உள்ளே இருந்த எண்ணும் ஒன்றே. கூட்டிலும் தனியாகத் தர முத்திரை இருந்தது. உள்ளே ஓடிய எந்திரம் சுவிஸ்.

இது கலப்படமான பொருள் இல்லை. அக்காலத்தில் வழக்கமாக இருந்த சேர்க்கை. டெனிசன் கம்பெனியைத் தொடங்கிய ஏரன் டெனிசன் ஓர் அமெரிக்கர். அங்கே வால்தம் வாட்ச் கம்பெனிக்கு வித்திட்டவர்களில் ஒருவர். பிறகு இங்கிலாந்துக்கு வந்து பர்மிங்ஹாமில் கேஸ் செய்யும் தொழிலை நிறுவினார். இறக்குமதி வரியை நினைத்து, சுவிஸ் கம்பெனிகள் எந்திரத்தை மட்டும் இங்கிலாந்துக்கு அனுப்பி, கேஸை அங்கேயே போட்டுக்கொண்டன. ஒமேகா, லாஞ்ஜின்ஸ், ரோலெக்ஸ் எந்திரங்களுக்கெல்லாம் டெனிசன் கேஸ் செய்தது. 1967-இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. நீண்டகாலச் சேவைக்குப் பெயர் பொறித்த 9 காரட் வாட்ச் கொடுப்பது பிரிட்டிஷ் கம்பெனிகளின் மரபு. தாத்தாவுக்குக் கிடைத்தது அதேதான். 1956-57-இல் சோதனைச் சாலையில் முத்திரை வாங்கிய கேஸ், 1957-இல் பரிசு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது.

எந்திரம், கண்ணாடி, வார் நீங்கலாக கூடும் மூடியும் பத்து கிராம் இருந்தன. அதில் சுத்தத் தங்கம் 3.75 கிராம். கடைக்காரர் குறைந்த விலை கேட்டதில் பொய் இல்லை. பெரியப்பா திருப்பிக் கொண்டுவந்து சொன்னதிலும் பொய் இல்லை. துரையும் ஏமாற்றவில்லை. 375 என்ற எண்ணைப் படிக்க வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான்.

நான் முத்திரைகளை ஒரு தாளில் வரைந்து, பக்கத்தில் அர்த்தம் எழுதிக் கொடுத்தேன். அக்கா அன்று மாலையே பெரியப்பா வீட்டுக்குப் போனார். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு தடவை படித்தாராம். பிறகு, "உங்கப்பன் இருக்கும்போது வந்திருக்கலாமேம்மா" என்றாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒன்று மட்டும் போதாது

இந்தக் கதையில் வாட்சை நிரூபித்தது எந்த ஒரு தனி முத்திரையும் இல்லை. தரம், ஊர், ஆண்டு, கேஸ் எண், பொறிப்பு, கேஸ் செய்தவர் எல்லாம் ஒரே கதையைச் சொன்னதுதான் சாட்சி. முத்திரையை யாரும் அடிக்கலாம். ஆறு விவரத்தையும் ஒத்துப்போகச் செய்வது கடினம்.

உண்மையான முத்திரை எஃகு அச்சால் அடித்தது. எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்ப்பில் எடுத்த போலியில் ஓரம் மழுங்கி, சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். கேஸ் முழுக்கத் தேய்ந்து வெளிமுத்திரை மட்டும் நேற்று அடித்தது போல் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

மூடி அசலாகவும் மற்றவை வேறாகவும் இருக்கலாம். மும்பையில் பழைய எந்திரங்களுக்குப் புது டயல் எழுதிச் சந்தைக்கு அனுப்புகிற தொழில் உலகச் சேகரிப்பாளர்களிடையே பிரசித்தம். டயலில் உள்ள பெயரும் எப்போதும் செய்தவர் பெயர் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டின் பி.ஆர் அண்ட் சன்ஸ் போன்ற பழைய கடைகள் தங்கள் பெயரையே டயலில் போட்டு விற்றன. அப்படிப்பட்ட வாட்சில் கேஸைச் செய்தவர் யார் என்பதை மூடியின் உள்ளே தேட வேண்டும். ஜெனீவா கேஸ்களில் ஒரு சாவிச் சின்னமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் கேஸ் செய்த பட்டறையைக் குறிக்கும். எந்திரத்தின் எண் கிடைத்தால் சில கம்பெனிகளிடமே கேட்கலாம். லாஞ்ஜின்ஸ், பட்டேக் பிலிப் போன்றவை தங்கள் பழைய ஏடுகளைப் பார்த்து, அந்த எண் எந்த உலோகக் கேஸில் விற்கப்பட்டது என்று எழுதித் தருகின்றன.

இந்தியாவுக்குப் போய் நகை வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே 2023 ஏப்ரல் முதல் நகைகளில் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து கைக்கடிகாரங்களுக்கு விலக்கு உண்டு. ஓசூரின் டைட்டான் நிறுவனம் 'நெபுலா' என்ற பெயரில் 18 காரட் வாட்சுகளை விற்கிறது. இப்படி வாங்கும்போது வாட்சில் உள்ள தர எண்ணையும் ரசீதில் எழுதியுள்ள காரட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வீட்டில் ஒரு பழைய வாட்ச் இருந்தால்

கத்தி முனையால் மூடியைத் திறக்காதீர்கள். கீறல் விழும், எந்திரத்தில் கத்தி பட்டால் அதுவும் போச்சு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். சில ரிங்கிட்தான் ஆகும்.

திறந்ததும் மூடியின் உள்பக்கம், கூட்டின் உள்பக்கம், எந்திரம் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். வெளிச்சம் நேராக விழாமல் சாய்வாக விழட்டும். அப்போதுதான் முத்திரை எழும்பித் தெரியும்.

உரைகல்லில் உரசிப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். நகைக்கு அது நூற்றாண்டுப் பழக்கம். வாட்சுக்கு அது ஒரு காயம். அதேபோல் பாலிஷ் போட்டு மினுக்கவும் வேண்டாம். பாலிஷ் சக்கரம் முதலில் அழிப்பது முத்திரையைத்தான். தேய்ந்துபோன முத்திரையை யாராலும் திரும்ப எழுத முடியாது.

விற்பதானால் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எந்திரம் நீங்கலாக எத்தனை கிராம்? எந்தத் தரத்துக்கு விலை போடுகிறீர்கள்?" பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அவசரம் வேண்டாம். தங்கத்தின் விலையும் வாட்சின் விலையும் வேறு வேறு. நல்ல கம்பெனி எந்திரம் உள்ள வாட்சை உருக்குகிறவரிடம் கொடுப்பதற்கு முன்னால், வாட்ச் வாங்குகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. வாட்சில் என்னென்ன முத்திரை இருக்கிறது, யாருக்கு யார் கொடுத்தது, எந்த ஆண்டு என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி, வாட்ச் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். எழுதும்போது அப்பா, பெரியப்பா, அத்தை எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்து எழுதுங்கள். வாட்ச் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். முத்திரையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள். நாளைக்கு இருப்பார்களா என்று சொல்ல முடியாது.